தேதியில்லாத கடிதங்கள்

1967-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் எங்கள் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். அப்போது கோபி ஒரு பார்லிமெண்டுத் தொகுதி. (2008-இல் தொகுதிகளை மறுபடி வரைந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது.) அங்கே காங்கிரஸ் சார்பில் நின்றவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர், தேசத்தின் உணவு மந்திரி. முந்திய வருஷந்தான் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்து, பசுமைப் புரட்சிக்கு வழி திறந்திருந்தார். அப்பேர்ப்பட்டவரைத் தோற்கடித்து, தி.மு.க. வேட்பாளர் பி. ஏ. சாமிநாதனை நம்மவர்கள் டில்லிக்கு அனுப்பினார்கள். மந்திரிப் பதவியும் அதோடு போயிற்று.

அது நியாயமா, அநியாயமா என்ற பழைய வழக்கை நான் கிளறப் போவதில்லை. கோபியில் விழுந்த சீட்டு டில்லியில் ஒரு மந்திரியின் நாற்காலியை அசைத்தது என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இப்படி நடக்க இடமே இல்லை. அங்கே மந்திரியாக இருக்கிறவர் சட்டசபையில் அங்கத்தினராக இருக்கவே கூடாது. ஜனாதிபதி பெயர் சொல்வார். செனட் சபை சம்மதிக்கும். பிறகு எந்தத் தொகுதிக்காரரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

"அதுதானுங்க நல்ல முறை! ஒரே ஆள், ஐந்து வருஷம், யாரும் கலைக்க முடியாது. இங்கேயும் அது வந்தால்தான் நாடு உருப்படும்" என்று சொல்லும் நண்பர்கள் நம் ஊரிலும் உண்டு. ஜனாதிபதி முறை என்றால், ராஜ்ய சர்க்காரைக் கலைத்துவிட்டு கவர்னர் கையில் நிர்வாகத்தைக் கொடுக்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கும் ஒருவர், சபையின் நம்பிக்கைத் தீர்மானத்துக்குத் தலைவணங்காமல், குறித்த காலம் முழுவதும் ஆட்சி நடத்துவது என்ற முறையைச் சொல்கிறேன்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே. டி. ஷா இதற்காக வாதாடினார், சபை ஏற்கவில்லை. 1948 நவம்பர் 4-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் நகல் சட்டத்தைக் கொண்டுவந்து பேசியபோது விஷயத்தைத் துல்லியமாக எடுத்துச் சொன்னார். அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம். பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு அதிகம். இரண்டும் ஒருங்கே வேண்டிய அளவு கிடைப்பதில்லை. நாம் பொறுப்பைத் தேர்ந்துகொள்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம்.

அப்படியானால் அமெரிக்க ஜனாதிபதி பொறுப்பில்லாத ராஜாவா? அல்ல. அவரால் சபையைக் கலைக்க முடியாது. பணப்பெட்டிச் சாவி சபையிடம். அவர் ஒரு மசோதாவை மறுத்தால், இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து அந்த மறுப்பை முறியடிக்கலாம். ஒருவரை ஒருவர் விரட்ட முடியாத இரண்டு பங்காளிகள் ஒரே கிணற்றில் இறைப்பது போன்ற ஏற்பாடு. சண்டை ஓயாது, ஆனால் கிணறு ஒருவருக்கே போய்விடாது.

இதெல்லாம் தூரத்து அமெரிக்கா. நம் பக்கத்திலேயே இந்தப் பரீட்சை நாற்பது வருஷத்துக்கு மேலாக நடந்திருக்கிறது. அதன் பலனை அநுபவித்தவர்களைப் பார்க்கவும் வெகுதூரம் போக வேண்டாம். கோபியிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகர் போனால், அணைக்கட்டு இருக்கும் அந்த ஊரில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமும் இருக்கிறது. அவர்கள் ஏன் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற கதைக்கு ஒரு பாதி துப்பாக்கி. மறு பாதி அரசியல் சட்டம். இரண்டாவது பாதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சட்டசபை என்றாலே நியாய ஸ்தலம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே, பிரதம மந்திரியும் பார்லிமெண்டும் முறைப்படி இருந்த காலத்தில்தான், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு பேரைச் சபைக்கு அனுப்பிய ஜனங்கள் அவர்கள்! 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் கணக்குப் போட்டார்கள். அப்படிக் கப்பலேறி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள்.

ஆகவே 1978-இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து, நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியை நியமித்தபோது, மலையகத் தலைவர் தொண்டமான் அதைக் கண்டு அஞ்சவில்லை. அதே வருஷம் மந்திரிசபையிலும் சேர்ந்தார். அதில் அர்த்தம் உண்டு. நாடே ஒரு தொகுதியானால் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையோரின் ஓட்டுக்கும் விலை வரும். பிறகு நடந்ததும் அதுதான். 2005-இல் விடுதலைப் புலிகளின் பகிஷ்காரத்தால் வடக்கே தமிழர்கள் பெரும்பாலும் வாக்களிக்காதிருக்க, மகிந்த ராஜபக்ஷ ஏறக்குறைய 1,80,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2015-இல் தமிழர்களும் முஸ்லிம்களும் திரண்டு வாக்களிக்க, அதே ராஜபக்ஷ தோற்றார்.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கிடைத்தது. தேர்ந்தெடுத்த பிறகு அவரைக் கட்டுப்படுத்துவதில் பங்கு கிடைத்ததா? அங்கேதான் கதை கெடுகிறது.

ஜயவர்த்தனா பிரான்ஸ் தேசத்து முறையைப் பின்பற்றினார் என்பார்கள். ஜனாதிபதியும் உண்டு, பிரதம மந்திரியும் உண்டு. மந்திரிகள் பார்லிமெண்டு அங்கத்தினர்களாகவே இருக்கவேண்டும். வரவு செலவு பார்லிமெண்டின் கையில். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் சுப்ரீம் கோர்ட்டின் விசாரணையும் சேர்ந்தால் ஜனாதிபதியை நீக்கலாம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் சபை கூடி ஒரு வருஷமானதும் ஜனாதிபதி நினைத்தால் அதைக் கலைக்கலாம். ஒரு பங்காளி மற்றவனை வீட்டைவிட்டு அனுப்பலாம் என்றால் அந்தப் பாகப்பிரிவினை எப்படி இருக்கும்?

1977 தேர்தலில் ஜயவர்த்தனாவின் கட்சி 168 ஸ்தானங்களில் 140-ஐப் பிடித்திருந்தது. 1982 அக்டோபரில் அவர் ஜனாதிபதித் தேர்தலிலும் ஜெயித்தார். அடுத்தபடி பார்லிமெண்டுத் தேர்தல் வரவேண்டும். வந்தால் அந்த 140 நிச்சயமாகக் குறையும். ஆகவே தேர்தலையே நடத்தாமல், இருக்கிற சபையின் ஆயுளை இன்னும் ஆறு வருஷம் நீட்டலாமா என்று ஜனங்களைக் கேட்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. தம் கட்சி அங்கத்தினர்கள் ஒவ்வொருவரிடமும் ராஜிநாமாக் கடிதம் ஒன்றை அவர் எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்து இருந்தது, தேதி மட்டும் இல்லை. எந்தத் தேதியையும் அவரே போட்டுக்கொள்ளலாம்.

பிறகு டிசம்பர் 22-இல் வாக்கெடுப்பு. நீட்டலாம் என்பதற்கு விளக்குச் சின்னம். வேண்டாம் என்பதற்குக் குடம். விளக்கு ஜெயித்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடத்துக்கே போட்டார்கள்.

இதன் விலை என்னவென்று பாருங்கள். ஏழு மாதம் கழித்து, 1983 ஜூலையில், கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினை கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யாதவர்களுக்குச் சபையில் இடமில்லை. சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியார் ஸ்தானங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். பொதுத் தேர்தல் 1989 வரையில் வரவில்லை. ஒரு தேசம் தீப்பற்றி எரிந்த ஆறு வருஷமும், 1977-இல் தேர்ந்தெடுத்த சபையே தமிழர் தலைவர்கள் இல்லாமல் நடந்தது. "முடியாது" என்று சொல்லியிருக்கக்கூடிய 140 பேரின் நாக்கு ஒரு மேஜை அறைக்குள் பூட்டிக் கிடந்தது.

பிரான்ஸில் இதே ஏற்பாடு வேறு விதமாக நடந்திருக்கிறது. 1986-இல் எதிர்க்கட்சியார் சபைத் தேர்தலில் ஜெயித்ததும், ஜனாதிபதி மித்தரான் எதிராளியான சிராக்கைப் பிரதம மந்திரியாக்கி, உள்நாட்டுக் காரியங்களை அவரிடம் விட்டுவிட்டார். இலங்கையில் 2001-இல் அதே நிலைமை வந்தது. ஜனாதிபதி சந்திரிகா ஒரு கட்சி. பிரதம மந்திரி ரணில் எதிர்க்கட்சி. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டு, சமாதானப் பேச்சு நடந்தது. 2003 நவம்பரில் பிரதம மந்திரி வாஷிங்டனில் இருந்த சமயம், பாதுகாப்பு உட்பட மூன்று இலாகாக்களை ஜனாதிபதி எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் சபையையும் கலைத்தார். சமாதானம் குலைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இது சின்னக் காரணம் அல்ல.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதற்குமேல் வருவதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீர், மறு போகம் இரட்டைப்படை மதகுக்கு. இலங்கையின் திருத்தங்களும் அப்படியே பாய்ந்திருக்கின்றன. 2001-இல் பதினேழாவது திருத்தம் ஜனாதிபதியின் நியமன அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. 2010-இல் பதினெட்டாவது அதை அவிழ்த்துவிட்டது. 2015-இல் பத்தொன்பதாவது மறுபடி கட்டியது. 2020-இல் இருபதாவது அவிழ்த்தது. 2022-இல் இருபத்தொன்றாவது மீண்டும் ஓரளவு கட்டியது. ஒற்றைப்படை எல்லாம் சபைக்கு, இரட்டைப்படை எல்லாம் ஜனாதிபதிக்கு!

இவற்றில் ஒன்று சோதனைக்கு வந்தது. 2018 அக்டோபர் 26-இல் ஜனாதிபதி சிறிசேனா பிரதம மந்திரி ரணிலை நீக்கி ராஜபக்ஷவை நியமித்தார். சபை ஒப்பாதென்று தெரிந்ததும், நவம்பர் 9-இல் சபையைக் கலைத்தார். பத்தொன்பதாவது திருத்தத்தின்படி நாலரை வருஷத்துக்கு முன்னால் அவர் அப்படிச் செய்யக்கூடாது. தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன் முதலானோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு கலைப்பைத் தற்காலிகமாக நிறுத்தியதும் சபை கூடியது. மிளகாய்ப் பொடி பறந்தது. சபாநாயகர் போலீஸ் காவலோடு வரவேண்டியிருந்தது. ஆயினும் "முடியாது" என்ற தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். ரணில் திரும்ப வந்தார். அவர்மேல் பிரியத்தினால் பலர் அப்படி வாக்களிக்கவில்லை. தங்கள் ஸ்தானம் ஜனங்கள் கொடுத்தது, ஜனாதிபதி கொடுத்ததல்ல என்று ஒருமுறை அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஜனாதிபதி முறை நல்லதா, கெட்டதா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். அவருக்கு எத்தனை அதிகாரம் என்று எண்ணிப் பார்ப்பதில் பாதி விஷயந்தான் தெரியும். சபையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்று மறுத்தால், மறுநாளும் அவர் அங்கே உட்கார முடியுமா என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் அதிகாரம் பகிர்ந்திருக்கிறது. முடியாதென்றால் சட்டப் புத்தகத்தில் எத்தனை ஷரத்து இருந்தும் பிரயோஜனமில்லை. இந்தக் கேள்வியை நம் பார்லிமெண்டு முறைக்கும் போட்டுப் பார்க்கலாம். கட்சிக் கொறடாவுக்கு மாறாக வாக்களித்தால் பதவி போகும் என்ற சட்டம் 1985 முதல் நமக்கும் உண்டு.

இலங்கையில் இந்தப் பதவியையே ஒழிப்பேன் என்று வாக்களித்து நாற்காலி ஏறியவர்கள் பலர். ஏறிய பிறகு நாற்காலி அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை போலும்! 2024 செப்டம்பரில் அநுரகுமார திஸாநாயக்கா ஜெயித்தபோது, பார்லிமெண்டில் அவர் அணிக்கு மூன்றே பேர். உடனே சபையைக் கலைத்து நவம்பரில் தேர்தல் நடத்தினார். 225-இல் 159 கிடைத்தது. அவர் அணியும் பதவியை ஒழிக்கும் வாக்குறுதியோடு வந்ததுதான். இந்தத் தடவை அந்த அணிக்கு யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் தமிழர்களே வாக்களித்துத் தமிழர்களையே அனுப்பியிருக்கிறார்கள். தங்களுக்கு வேண்டாதது ஒன்று சபைக்கு வரும் நாளில் அவர்கள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அவர்களில் யாரும் தேதியில்லாத கடிதம் எழுதிக் கொடுக்காமல் இருக்கட்டும்.