தைராக்சின்: அளவு கண்ட கதை

ஒரு கிராம் எடையுள்ள வெண்ணிறத் தூளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதைப் பத்தாயிரம் சம பங்குகளாகப் பிரித்தால், ஒரு பங்கின் எடை 100 மைக்ரோகிராம். தைராய்டு சுரப்பி செயலிழந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் தைராக்சின் ஏறத்தாழ இவ்வளவுதான். நாளுக்கு ஒரு பங்காக உண்டுவந்தால் அந்த ஒரு கிராம் தூள் 27 ஆண்டுகளுக்குப் போதும்!

இத்தனை சிறிய அளவிலும் கால் பங்கு கூடினால் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது. குறைந்தால் உடல் சோர்கிறது, குளிர் தாங்க முடிவதில்லை, மலச்சிக்கல் வருகிறது, எடை ஏறுகிறது. எனவே மருத்துவர் பெரும்பாலும் 25 மைக்ரோகிராம், 50 மைக்ரோகிராம் என்று படிப்படியாக ஏற்றுகிறார். ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார்.

“முழு அளவையும் முதல் நாளே கொடுத்தால் என்ன? ஆறு வாரம் ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று நோயாளி கேட்பது இயல்பே. இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகத்துக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அவ்விடையின் ஒரு பகுதி உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றதாகும்.

கத்தி காட்டிய உண்மை

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலைத் தழுவியபடி அமைந்த சுரப்பி. கேடயச் சுரப்பி என்றும் இதனைத் தமிழில் வழங்குவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இதன் பணி இன்னதென்று எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

1873ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் ஒரு விசித்திர நோயை விவரித்தார். முகம் உப்பி, தோல் தடித்து, பேச்சும் சிந்தனையும் மந்தமாகிவிடும். 1878இல் வில்லியம் ஆர்டு இதற்கு ‘மிக்சிடீமா’ என்று பெயரிட்டார். ஆனால் காரணம் புலப்படவில்லை.

காரணத்தைக் காட்டியது அறுவைச் சிகிச்சைக் கத்தி. ஸ்விட்சர்லாந்தில் கழுத்துக்கழலை மிகுதி. பெர்ன் நகரின் தியோடர் கோக்கர் கழலையுற்ற தைராய்டை அகற்றுவதில் ஈடு இணையற்றவர். தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களை அவர் பின்னர் வரவழைத்துப் பார்த்தபோது திடுக்கிட்டார். சுரப்பியை முழுவதும் இழந்தவர்களுள் பெரும்பாலோர் மிக்சிடீமா நோயாளிகளைப் போலவே மாறியிருந்தனர். 1883இல் கோக்கர் இதனை மறைக்காமல் வெளியிட்டார். அதற்குச் சற்று முன்பே ஜெனீவாவின் ரெவெர்டினும் இத்தகைய விளைவைக் கண்டிருந்தார். சுரப்பி இல்லையேல் நோய் என்பது உறுதியாயிற்று. கோக்கருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது.

870 ஆடுகள்

இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? 1890இல் லிஸ்பன் மருத்துவர் இருவர் ஆட்டின் தைராய்டை ஒரு பெண்ணின் தோலுக்கடியில் பொருத்தினர். மறுநாளே அவரிடம் முன்னேற்றம் தெரிந்தது! ஒட்டிய உறுப்புக்குள் இரத்தநாளங்கள் வளர ஒரு நாள் போதாது. அப்படியானால் அதிலிருந்து கசிந்த சாறுதான் வேலை செய்திருக்க வேண்டும்.

இவ்வாறு சிந்தித்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் மரே. அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர். 1891இல் அவர் ஆட்டுத் தைராய்டைக் கிளிசரினில் ஊறவைத்துச் சாறெடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசிமூலம் செலுத்தினார். சில மாதங்களில் அப்பெண்ணின் வீக்கம் வற்றியது, பேச்சு தெளிந்தது, வீட்டு வேலைகளைத் தாமே செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, ஊசி தேவையில்லை, சுரப்பியை வாய்வழியாக உண்டாலே போதும் என்று வேறு சில மருத்துவர்கள் கண்டனர். அப்பெண்ணும் பின்னர் சாற்றை வாய்வழியாகவே உட்கொண்டு 74 வயது வரை வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளில் அவருக்குத் தேவைப்பட்ட சாற்றுக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின. இன்று ஏறத்தாழ ஒரு கிராம் செய்யும் வேலை அது.

வேகம் விளைத்த தீங்கு

புதுமருந்தின் புகழ் பரவியது. கூடவே தீய செய்திகளும் வந்தன. இதயம் நலிந்த நோயாளிகள் சிலர் சிகிச்சைக்கு இடையிலேயே மாண்டனர். சிறு அளவில் தொடங்கவேண்டும், தொடக்கத்தில் கடின உழைப்பைத் தவிர்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை அக்காலத்திலேயே எழுந்தது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? தைராய்டு ஹார்மோன் குறைந்தவரின் இதயம் மெல்லத் துடிக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைவு. ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் இதயத்துக்கு இரத்தம் தரும் நாளங்கள் குறுகியிருந்தாலும் வெளியே தெரியாது. திடீரென ஹார்மோன் புகுந்ததும் துடிப்பு விரைகிறது. ஆக்சிஜன் தேவை உயர்கிறது. ஆனால் குறுகிய நாளம் ஒரே நாளில் அகன்றுவிடாது. தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியே நெஞ்சுவலியாகவும் மாரடைப்பாகவும் வெளிப்படுகிறது. முதியவர்க்கும் இதய நோயாளிக்கும் இன்றும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்குவது இதனால்தான். இதய நோயற்ற இளவயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்ற முழு அளவிலேயே தொடங்குவதும் உண்டு.

தைராய்டுத் தூள் வளர்சிதை மாற்றத்தை முடுக்குகிறது என்று 1895இல் பெர்லினின் மாக்னஸ் லெவி காட்டினார். உடனே அது உடல் இளைக்கும் மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. நோயற்றவர்கள் அதை உண்டு படபடப்பையும் நடுக்கத்தையும் வாங்கிக்கொண்டனர். இப்பாடம் எளிதில் மறக்கப்படுவது. 1960களில் அமெரிக்காவில், மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் கொலஸ்டிராலைக் குறைக்கத் தைராக்சினின் கண்ணாடி உருவம் போன்ற ‘டெக்ஸ்ட்ரோ’ வகையைக் கொடுத்துப் பார்த்தனர். அதை உண்டவர்களிடையே இறப்பு கூடுதலாகக் காணப்பட்டதால் ஆய்வின் அப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது.

தூளிலிருந்து படிகம்

ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. ஓர் ஆட்டின் சுரப்பியைப் போல் மற்றோர் ஆட்டின் சுரப்பி இராது. தைராய்டில் அயோடின் இருப்பதை 1895இல் பௌமான் கண்டறிந்தபின், தூளின் வலிமையை அயோடினைக் கொண்டு அளந்தனர். ஆனால் சுரப்பியிலுள்ள அயோடின் முழுவதும் ஹார்மோன் அன்று. எனவே ஒரு புட்டிக்கும் மறு புட்டிக்கும் வேற்றுமை தொடர்ந்தது.

1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் மட்டுமே! 1926இல் லண்டனின் சார்லஸ் ஹாரிங்டன் தைராக்சினின் சரியான அமைப்பைக் கண்டார். மறு ஆண்டே பார்ஜருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தார். ஆயினும் அது குடலில் நன்கு உறிஞ்சப்படவில்லை. எளிதில் உறிஞ்சப்படும் சோடியம் உப்பு வடிவம் 1949இல் வந்த பிறகே இன்றைய மாத்திரை பிறந்தது. இனி எடை போட்டு, எண்ணிக் கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு கொடுப்பது?

ஏழு நாள் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரத்தத்திலுள்ள தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகின்றன. இதனால், அளவை மாற்றினால் அம்மாற்றம் உடனே முழுமையடையாது. முதல் வாரத்தில் பாதி. இரண்டாம் வாரத்தில் முக்கால். மூன்றாம் வாரத்தில் எட்டில் ஏழு. நான்காம் வாரத்தில் பதினாறில் பதினைந்து. ஐந்து வாரம் சென்றால்தான் புதிய அளவு ஏறக்குறைய நிலைகொள்கிறது.

பத்தே நாளில் “குணமில்லை” என்று தாமாக இன்னொரு மாத்திரை சேர்ப்பவர் எங்கே தவறுகிறார் என்று இப்போது விளங்குகிறதல்லவா? முதல் மாற்றமே இன்னும் ஏறிக்கொண்டிருக்கையில் அதன்மேல் இரண்டாம் மாற்றத்தை ஏற்றுகிறார். மாதக் கடைசியில் படபடப்பு வரும்போது எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதேபோல் மிகையான அளவைக் குறைத்த பின்னும் படபடப்பு இரண்டே நாளில் அடங்கிவிடாது.

1952இல் கிராஸ், ரோசலிண்ட் பிட் ரிவர்ஸ் என்ற இருவர் தைராக்சினைவிட வீரியமிக்க ‘டி3’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். இது விரைவில் ஏறி விரைவில் இறங்குவது. தைராக்சினிலிருந்து உடலே டி3-ஐ ஆக்கிக்கொள்கிறது என்று 1970இல் பிரேவர்மனும் இங்பரும் ஸ்டெர்லிங்கும் காட்டினர். ஆதலால் பெரும்பாலோருக்குத் தைராக்சின் ஒன்றே போதுமென்றாயிற்று.

ஒரு பக்கம் மட்டும் காட்டிய அளவுகோல்

அக்காலத்தில் நாடித் துடிப்பு, எடை, தோலின் தன்மை, ஓய்விலிருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்த்தே அளவை முடிவு செய்தனர். நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாக இருந்தது.

நம் உடலுக்குள்ளேயே இதைவிட நுட்பமான அளவுகோல் ஒன்று உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு மேற்பார்வையாளர் போன்றது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ‘டி.எஸ்.எச்.’ என்ற தூண்டுநீரை மிகுதியாகச் சுரந்து தைராய்டை விரட்டுகிறது. மிகுந்தால் தன் சுரப்பை அடக்கிக்கொள்கிறது. 1960களில் கதிரியக்க முறையால் டி.எஸ்.எச்.-ஐ அளக்க முடிந்தது. ஆனால் அம்முறை உயர்ந்த அளவைக் காட்டியதேயன்றி, இயல்பான அளவையும் மிகக் குறைந்த அளவையும் பிரித்துக் காட்டவில்லை. மருந்து போதவில்லை என்று தெரியும். மிகுந்துவிட்டதா என்று தெரியாது! 1980களின் நடுவில் நுண்ணிய சோதனைகள் வந்தபோதுதான், எவ்விதத் தொல்லையும் உணராத பலர் மிகையான அளவை உண்டுவருவது வெளிப்பட்டது.

தொல்லை இல்லாவிட்டால் என்ன கேடு என்கிறீர்களா? அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஊரில் 60 வயதைக் கடந்த சுமார் 2,000 பேரைப் பத்தாண்டுகள் கவனித்த முடிவு 1994இல் வெளியாயிற்று. டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு, இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக வந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகையான அளவு எலும்பையும் தேய்க்கிறது. இன்று வழக்கமான அளவு முன்பிருந்ததில் பாதியளவாக இறங்கியிருப்பதற்கு இவையே காரணம்.

மருந்து மாறாமலே வந்த குழப்பம்

2017இல் பிரான்சு நாட்டில் ஒரு நிகழ்ச்சி. பல லட்சம் பேர் உண்டுவந்த தைராக்சின் மாத்திரையில், மருந்து நாளடைவில் வலுவிழக்காமல் இருப்பதற்காக, துணைப் பொருளான லாக்டோசை நீக்கி மானிட்டாலையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்தனர். தைராக்சினின் எடை மாறவில்லை. ஆயினும் களைப்பு, தலைவலி, முடி உதிர்தல் என்று பல்லாயிரம் முறையீடுகள் எழுந்தன. லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் பழைய வகை மாத்திரை மீண்டும் தற்காலிகமாக வரவழைக்கப்பட்டது. மாற்றத்தைப் பற்றி நோயாளிகளுக்கு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது அங்கு எழுந்த பெரும் குறைகளுள் ஒன்று. ஒரு வகை மாத்திரையிலிருந்து வேறு வகைக்கு மாறினால் ஆறு வாரத்தில் மீண்டும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்பது இதனால் பெறும் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

வரலாறு நமக்குத் தரும் வழிகள் எளியவை. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், நீருடன், நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ணுங்கள். காப்பியை அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்து அருந்தலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்சினைக் குடலில் பிடித்துவைப்பவை. நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முடிக்காக உண்ணும் பயோட்டின் சில சோதனைகளின் முடிவைத் திரித்துவிடும். உண்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுற்றால் தேவை உயரும். உடனே மருத்துவரைக் காணுங்கள்.

அளவு மாறிய தேதியையும், அதன்பின் நாடித் துடிப்பு, உறக்கம், எடை ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். படபடப்போ நடுக்கமோ தோன்றினால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்; பெரும்பாலும் அளவைச் சற்றுக் குறைத்தாலே போதுமானது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாது. அப்போதே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மற்றபடி மருத்துவர் குறித்த ஆறு வாரத்தையும் மருந்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள்.