தென்னார்க்காட்டு உப்புக் கரையும் அஞ்சலை அம்மாளும்

மரக்காணத்திலிருந்து தெற்கே கடலூர் வரை நீளும் கடற்கரை, நடுவில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி நீங்கலாக, ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இக்கரையின் வடகோடியில் உள்ள மரக்காணம், உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் ஊர். கழிமுகத்து நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து, விளைந்த உப்பை வாரிக் குவிக்கும் இத்தொழில் தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழையோடு முடியும். உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தார்கள்.

கடலும் வெயிலும் கொடுத்த இந்தப் பொருளை ஆங்கிலேயர் தங்கள் உடைமையாக்கிக்கொண்டனர். 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆயிற்று. உப்பு விளைவித்தவர் அதை அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அரசு அதைப் பல மடங்கு விலையில் மக்களுக்கு விற்றது. தனியுரிமைக்கு இடையூறு வராதபடி, 1818-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாகப் பிரெஞ்சுப் பகுதியிலும் உப்பு எடுப்பது நிறுத்தப்பட்டது. சென்னையையும் மரக்காணத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயில் படகுகள் உப்பு ஏற்றிச் சென்றன. 1930-இல் மணங்கு ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ உப்புக்கு, 1 ரூபாய் 4 அணா வரி இருந்தது. அந்தக் காலத்துக் கூலியில் பிழைத்த குடும்பத்துக்கு அது பெரும் பாரம்.

இந்தக் கரையின் தென்பகுதியான கடலூர் முதுநகரில் 1890-இல் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். முருகப்பா என்பவரை மணந்தார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வுக்கு வந்தார். தென்னிந்தியாவில் அவ்வியக்கத்தில் ஈடுபட்ட முதல் பெண்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். சென்னை மாகாணத்துப் பெண்கள் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதும் அதே 1921-இல்தான். ஆனால் அந்த உரிமைக்குச் சொத்துத் தகுதி வேண்டும். அஞ்சலை அம்மாளைப் போன்ற குடும்பத்துப் பெண்களுக்குத் தெருவும் பொதுக்கூட்டமுமே அரசியல் மேடைகளாக இருந்தன. அவர் தம் குடும்பத்து நிலத்தையும் வீட்டையும் விற்றுப் போராட்டத்துக்குச் செலவிட்டார்.

அவர் பெயரை மாகாணம் முழுவதும் அறியச் செய்தது 1927-ஆம் ஆண்டு நீல் சிலை சத்தியாகிரகம். 1857 எழுச்சியின்போது வட இந்தியாவில் கொடிய பழிவாங்கல்களை நடத்திய ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் நீல். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரித் திருநெல்வேலி சோமயாஜுலு முதலானோர் போராட்டத்தைத் தொடங்கினர். தொண்டர்கள் அணி அணியாகச் சென்று கைதாயினர். அஞ்சலை அம்மாள் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்றார். தாயும் மகளும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களைச் சந்தித்த காந்தியடிகள் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு, பின்னர் வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். காரல் மார்க்சின் ‘மூலதனம்’ நூலைத் தமிழாக்கிய தியாகி ஜமதக்னியை லீலாவதி பிற்காலத்தில் மணந்தார்.

1930-இல் உப்பு சத்தியாகிரகம் வந்தது. ராஜாஜி தலைமையில் தொண்டர் படை ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தது. 30-ஆம் நாள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறியது. அப்போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகி, உப்பு சத்தியாகிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் எனப் பெயர் பெற்றார். அஞ்சலை அம்மாளும் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு கடுமையாகக் காயமடைந்தார். உப்புக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வரியின் கொடுமையை மேடையில் ஒருவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. அது அவர் அடுப்படிக்கே வந்த வரி.

அடுத்த சில ஆண்டுகள் சிறைக்கும் வீட்டுக்கும் இடையே கழிந்தன. கருவுற்ற நிலையில் வேலூர் சிறையில் அடைக்கப்பட்ட அவரைப் பேறுகாலத்துக்காக வெளியே விட்டனர். ஆண் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே மீண்டும் சிறைக்குத் திரும்பினார். அந்தக் குழந்தை ஜெயில்வீரன் என்று அழைக்கப்பட்டது. காந்தியடிகள் ஒருமுறை கடலூர் வந்தபோது, அஞ்சலை அம்மாள் வீட்டுக்குச் செல்லக் கூடாதென்று அரசு தடை விதித்தது. அம்மையார் முகத்திரை அணிந்து குதிரை வண்டியில் சென்று அவரைப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய துணிவைக் கண்ட காந்தியடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று போற்றினார்.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் பொறுப்பாட்சிக்கு வழி திறந்து, பெண்களுக்குத் தனி இடங்களையும் ஒதுக்கியது. 1937 தேர்தலில் அஞ்சலை அம்மாள் காங்கிரஸ் வேட்பாளராக வென்று சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்தார். அந்த ஆண்டிலேயே ராஜாஜி அமைச்சரவை நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. பத்தாண்டுகளுக்கு முன் எந்தக் கோரிக்கைக்காகச் சிறை சென்றாரோ, அது அவர் உறுப்பினராக இருந்த அவையின் காலத்தில் அரசாணையாக நிறைவேறியது. 1939-இல் போரில் இந்தியாவைக் கேளாமல் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பிறகு, அவர் மீண்டும் போராட்டத்துக்கும் சிறைக்கும் திரும்பினார். 1946 தேர்தலில் மறுபடியும் சட்டமன்றம் சென்றார். 1947 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பாக, இடைக்கால அரசு உப்பு வரியை நீக்கியது.

சட்டமன்றத்தில் அவர் பணிக்குத் தென்னார்க்காட்டு மக்கள் சொல்லும் சான்று ஒரு வாய்க்கால். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பது வழக்கம். குடிநீருக்கு நெடுநாள் தவித்த ஊர்களில் தீர்த்தாம்பாளையம் ஒன்று. வீராணம் பாசனத்திலிருந்து அவ்வூருக்குக் கிளை வாய்க்கால் ஒன்றை வெட்டச் செய்து அந்தத் துயரைத் தீர்த்தார். மக்கள் அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்று பெயர் வைத்தார்கள். மறியலுக்கும் சிறைக்கும் துணிந்தவர், மனு எழுதி, அதிகாரிகளைப் பார்த்து, திட்டத்தை நிறைவேற்றும் பொறுமையும் பெற்றிருந்தார் என்பதற்கு அது சாட்சி. இறுதிக் காலத்தில் முட்லூரில் விவசாயம் செய்து வாழ்ந்து, 1961 பிப்ரவரி 20-ஆம் நாள் காலமானார்.

விடுதலைப் போராட்ட வரலாற்றில் பல பெண்கள் ஒரு மறியலோடும் ஒரு சிறைவாசத்தோடும் குறிப்பாகச் சுருங்கிப் போகிறார்கள். அஞ்சலை அம்மாளின் வாழ்வு அப்படிச் சுருக்கக்கூடியதல்ல. ஒத்துழையாமை, நீல் சிலை, உப்பு, சட்டமன்றம், குடிநீர் என நாற்பதாண்டுகள் ஒரே பொதுநோக்கில் அது நடந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற ஒரு பெண், தம் ஊரின் தேவையையும் நாட்டின் உரிமையையும் பிரித்துப் பார்க்காமல் உழைத்தார். உப்பு வரி நீங்கி முக்கால் நூற்றாண்டு கடந்தும், மரக்காணத்து உப்பளங்களில் பெண்கள் கொதிக்கும் வெயிலில் சுமை தூக்குகிறார்கள். மழை தொடங்கினால் அவர்களுக்கு வேலையில்லை. மழைக்கால வருமானத்துக்கும் களத்தில் நிழலுக்கும் குடிநீருக்கும் அவர்கள் எழுப்பும் கோரிக்கைகளை நிறைவேற்றுவதே, இந்தக் கரையின் மகளுக்குச் செய்யத்தக்க மரியாதை.