மலைக்காற்று இரத்தக் கொதிப்பைத் தடுக்குமா? – கியா பார்ம் சொல்லும் வரலாறு



“குளிரான மேட்டில் வாழ்பவருக்கு இரத்தக் கொதிப்பும் உடற்பருமனும் வாரா; அவை பட்டணத்து நோய்கள்” என்று சொல்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதை முழு உண்மையாக நம்பினால் நம் பிள்ளைகளின் உடல்நலத்தை இழக்க நேரிடும்.

நலம் தேடி வந்தவரும் உழைக்க வந்தவரும்

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னர், இதனை மலைவாசத் தலமாக வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது. ஊட்டி, நுவரெலியா போன்ற இடங்களை உருவாக்கிய அதே நம்பிக்கைதான் இங்கும் செயல்பட்டது: சமவெளியின் வெப்பம் உடலைக் கெடுக்கும்; மலைக்காற்று அதனைத் தேற்றும்.

1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். வெள்ளையர் ஓய்வெடுக்க வந்த மலைக்கு நம் முன்னோர் கொழுந்து கிள்ள வந்தனர். முதுகில் கூடையைச் சுமந்து, செங்குத்தான சரிவுகளில் நாள் முழுதும் ஏறி இறங்கினர். அவர்களின் உடல் மெலிந்தும் இறுகியும் இருந்ததற்குக் காற்றை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது.

உயரம் உடலில் என்ன செய்கிறது?

கியா பார்ம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ளது. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளி கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மருத்துவர்கள் ‘உயர்நிலம்’ எனக் கணக்கிடத் தொடங்கும் எல்லை பெரும்பாலும் இதுவே. ஆகவே நாம் அதன் வாசற்படியில்தான் நிற்கிறோம்.

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேல் வாழ்ந்த மக்களையும் கடற்கரை மக்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1977-இல் வெளிவந்தது. மலைமக்களிடம் உயர் இரத்த அழுத்தம் குறைவு என்று அது கண்டது. செருமனியில் உடல் பருத்த ஆடவர் இருபதுபேரை 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் தங்க வைத்தனர். அவர்களுக்குப் பசி குறைந்தது. எடையும் சற்றுக் குறைந்தது. இவ்வாய்வு 2010-இல் வெளியானது.

ஆனால் திபெத்தைப் பாருங்கள். தலைநகர் லாசா ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயினும் திபெத்தியரிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகவே காணப்படுகிறது. நாள்தோறும் அவர்கள் பலமுறை பருகும் தேநீரில் வெண்ணெயோடு உப்பும் கலந்திருப்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

மேலே ஏறியும் உயர்ந்த அழுத்தம்

கென்யாவின் லுவோ மக்களைப் பற்றி 1990-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவான பாடம் புகட்டுகிறது. விக்டோரியா ஏரியை அடுத்த கிராமங்களிலிருந்து அவர்கள் பிழைப்புத் தேடி நைரோபி நகருக்குச் சென்றனர். ஏரிக்கரை சுமார் 1,100 மீட்டர் உயரம். நைரோபியோ சுமார் 1,700 மீட்டர், அதாவது நம் கேமரன் மலையை ஒத்த உயரம். மலை காக்கும் என்றால் அவர்களின் இரத்த அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். மாறாக, நகருக்கு வந்த சில மாதங்களிலேயே அது உயர்ந்தது. உணவில் உப்பு கூடியது, காய்கனிகளிலிருந்து கிடைக்கும் பொட்டாசியம் குறைந்தது, எடையும் ஏறியது. உயரம் தந்திருக்கக்கூடிய சிறு நன்மையை நகரத்து உணவும் வாழ்முறையும் விழுங்கிவிட்டன.

நம் நிலை

1970-இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினரே நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2020-இல் அது 75.1 விழுக்காடாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட, நம்மவரும் லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2019-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, வயது வந்தோரில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இருவரில் ஒருவர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தார். இனவாரியாக நோக்கின் உடற்பருமன் இந்தியரிடையே மிகுதி.

இன்னொன்றும் கருதத்தக்கது. 2015-ஆம் ஆண்டு ஆய்வில் உயர் இரத்த அழுத்தம் நகரத்தைவிடக் கிராமப்புறத்திலேயே சற்று மிகுதியாக இருந்தது. நகரத்தின் மோட்டார் சைக்கிளும் உடனடி மீயும் இனிப்புப் பானமும் கிராமத்தையும் தோட்டத்தையும் எட்டிவிட்டன. கருவாடு, ஊறுகாய், கெட்டிப்பால் தேநீர் ஆகிய பழைய பழக்கங்களோ அப்படியே தொடர்கின்றன. அன்று அவற்றை ஓரளவு ஈடுசெய்த மலையேற்றம் இன்று இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, இயன்ற தொலைவுக்குப் பிள்ளைகளை நடக்க விடுங்கள். தேநீரில் கெட்டிப்பாலைக் குறையுங்கள். கருவாட்டை அன்றாட உணவாக்காதீர்கள். கியா பார்ம் சந்தையில் சுற்றுப்பயணிகள் வாங்கிச் செல்லும் கீரையும் காயும் முதலில் நம் தட்டில் இடம்பெறட்டும். இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்பவர்கள், மலைக்கு வந்துவிட்டோம் என்று மருந்தை நிறுத்தலாகாது. புதிதாக மேலே வருவோருக்குத் தொடக்க நாள்களில் இரத்த அழுத்தம் சற்று உயரவும் கூடும்.

ஆசிரியர்களே, உடற்கல்விப் பாடவேளையைக் கணிதப் பயிற்சிக்குக் கடன் கொடுக்காதீர்கள். சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படுவதை வாரம் ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள்.

நம் தாத்தா பாட்டிமார் வறுமையால் நடந்தார்கள். நம் பிள்ளைகள் அறிவால் நடக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.