பார்வை நரம்புச் சேதத்துக்கு அறுவைச் சிகிச்சை

விழித்திரையில் பதியும் காட்சியை மூளைக்குக் கொண்டுசேர்ப்பது பார்வை நரம்பு. சுமார் 5 செ.மீ. நீளம்; உள்ளே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். பட்டுப்போன இழை மறுபடி துளிர்ப்பதில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கும் ஆலங்காயத்துக்கும் இறங்கும் சாலைகள் வளைந்து வளைந்து செல்பவை. இத்தகைய சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து புருவத்தில் அடிபட்டால், கண்ணில் ஒரு கீறலும் இல்லாமலே பார்வை போகலாம். நரம்பு மண்டையோட்டுக்குள் நுழையும் இடத்தில் ஏறக்குறைய 1 செ.மீ. நீளமுள்ள எலும்புக் குழாய் இருக்கிறது. நரம்பு வீங்கினால் அங்கே விரிய இடமில்லை. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி அந்த எலும்பைத் திறந்துவிடும் அறுவை உண்டு. ஆனால் 133 நோயாளிகளை ஆராய்ந்து 1999இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அறுவையோ ஸ்டீராய்டோ தெளிவான பலன் தந்ததாகத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே முடிவெடுக்கிறார்கள்.

இன்னொரு கதை நம்மை நிதானிக்க வைக்கிறது. 50 வயதைத் தாண்டிய சிலருக்கு, குறிப்பாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, காலையில் கண்விழிக்கும்போது ஒரு கண்ணில் பாதிப் பார்வை மறைந்திருக்கும். நரம்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போதாததே காரணம். நரம்பின் உறையைக் கீறிவிட்டால் பார்வை திரும்புகிறது என்று 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவிக்க, அந்த அறுவை வேகமாகப் பரவியது. முறையாகச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. ஆறு மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் 24 சதவீதத்தினருக்குப் பார்வை மேலும் மோசமானது. செய்யாதவர்களில் 12 சதவீதம்தான். 1994இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 1995இல் முடிவு வெளியானது.

அதே உறைக் கீறல் வேறோர் இடத்தில் பார்வையைக் காக்கிறது: மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வீங்கும் நோயில். பிட்யூட்டரி கட்டிக்குள் இரத்தம் கசிந்து திடீரென நரம்பை நெரித்தாலும் அறுவை பலன் தரும். மூக்கு வழியாகவே கட்டியை அகற்றிவிடலாம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது, ஜவ்வாது மலைக்கு அருகே வேலூர் சி.எம்.சி.யில்தான்.

அங்கே அனுப்பவேண்டிய அவசரத்தை மலையிலேயே, ஒரு டார்ச்சை வைத்துக் கண்டுகொள்ளலாம். நல்ல கண்ணில் ஒளியைக் காட்டிவிட்டுச் சட்டென மற்ற கண்ணுக்கு நகர்த்தினால், அதன் நரம்பு சேதமடைந்திருந்தால் சுருங்கியே இருக்கவேண்டிய கண்பாவை விரியும். நோயாளி மயக்கத்தில் கிடந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.