கருப்பை வாய்ச் சோதனை முடிவுகளின் மருத்துவக் குறியீட்டாக்கம்

கருப்பை வாய்ச் சோதனை முடிவுகளின் மருத்துவக் குறியீட்டாக்கம் என்பது, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியச் செய்யப்படும் சோதனையில் (ஸ்கிரீனிங்) இயல்புக்கு மாறான முடிவு கிடைக்கும்போது, அதனை மருத்துவ ஆவணத்தில் பதிந்து உரிய குறியீட்டை இடும் முறை ஆகும். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு (ஐ.சி.டி-10) இதற்குப் பயன்படுகின்றது. அதன் விரிவான அமெரிக்க வடிவமான ஐ.சி.டி-10-சி.எம், அந்நாட்டில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இப்பணியைச் செய்யும் நிறுவனங்கள் பல சென்னையில் இயங்குகின்றன.

சோதனை முடிவும் நோய் முடிவும்

பாப் சோதனையில் கருப்பை வாயிலிருந்து செல்கள் சுரண்டி எடுக்கப்பட்டு நுண்நோக்கியில் பார்க்கப்படுகின்றன. இதன் முடிவுகள் 1988 இல் உருவாக்கப்பட்டு, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட பெதெசுதா முறையில் எழுதப்படுகின்றன. இம்முடிவு ஓர் ஐயத்தை மட்டுமே தெரிவிக்கும். நோய் உள்ளதா என்பது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயை நோக்கி (கோல்போஸ்கோப்பி), தேவைப்படின் சிறு திசு எடுத்து ஆய்வு (பயாப்சி) செய்த பின்னரே உறுதியாகும். எனவே செல் ஆய்வு முடிவுக்கும் திசு ஆய்வு முடிவுக்கும் வகைப்பாட்டில் தனித்தனி இடங்கள் உள்ளன.

ஐ.சி.டி-10-சி.எம் வடிவில் முதன்மையான குறியீடுகள்:

- இசட் 12.4 – கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனைக்கு வருதல்
- ஆர் 87.610 – பொருள் உறுதியாகாத செல் மாற்றம்
- ஆர் 87.612 – குறைந்த தர செல் மாற்றம்
- ஆர் 87.613 – உயர் தர செல் மாற்றம்
- ஆர் 87.615 – முடிவு கூற இயலாத, போதாத மாதிரி
- ஆர் 87.810 – அதிக இடர் கொண்ட மனித பாப்பிலோமா தீநுண்மம் இருத்தல்
- என் 87.0, என் 87.1 – திசு ஆய்வில் உறுதியான இலேசான, மிதமான பிறழ்வு
- டி 06 – பரவாத, மேற்பரப்பளவில் நிற்கும் புற்று
- சி 53 – கருப்பை வாய்ப் புற்றுநோய்

செல் ஆய்வு முடிவை மட்டும் வைத்து 'என்', 'டி', 'சி' வரிசைக் குறியீடுகளை இடுதல் பிழையாகும். புறநோயாளர் ஆவணங்களில் 'இருக்கலாம்', 'ஐயம்' என்று மருத்துவர் எழுதியவற்றை உறுதியான நோயாகக் குறியிடக்கூடாது என்பதும் அமெரிக்க விதி. இல்லாத நோய் ஒரு பெண்ணின் ஆவணத்தில் ஏறிவிட்டால், பின்னர் காப்பீட்டிலும் சிகிச்சையிலும் அது அவரைத் தொடரக்கூடும். மறுபுறம், போதாத மாதிரியை 'இயல்பு' எனப் பதிந்தால் மறுசோதனைக்கு அவர் அழைக்கப்படமாட்டார்.

தமிழ்நாட்டில்

இந்தியப் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் பாப் சோதனையைவிட, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெண்மையாகும் பகுதியை நேரடியாகப் பார்க்கும் சோதனையே (வி.ஐ.ஏ) முதன்மையானது. 2016 ஆம் ஆண்டு நடுவண் அரசு வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதனைப் பரிந்துரைத்தது. 'ஆர் 87' வகை உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளுக்கு உரியது. ஆகையால் மாதிரி எடுக்கப்படாத இச்சோதனையின் முடிவைச் சொற்களில் தெளிவாக எழுதுதல் இன்றியமையாதது.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000 இல் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 2007 இல் வெளியாயின. அதில் சோதிக்கப்பட்ட 31,343 பெண்களுள் 3,088 பேருக்கு நேர்மறை முடிவு கிடைத்தது. ஆனால் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் 1,874 பேரிடமே கண்டறியப்பட்டன. அவர்களுள் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். கட்டுப்பாட்டுக் குழுவுடன் ஒப்பிடுகையில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. நேர்மறை முடிவு அனைத்தும் நோயன்று என்பதையும், தொடர் சிகிச்சையில் விடுபடுவோர் உள்ளனர் என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே காட்டுகின்றன.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்த இத்தொழிற்பகுதியின் மின்னணு ஆலைகளில் பிற மாவட்டங்களையும் மாநிலங்களையும் சேர்ந்த பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. இளம் வயதில் இங்கு வேலை செய்து ஊர் திரும்பும் பெண், சோதனைக்குரிய 30 வயதை வேறோர் ஊரில் அடைவார். 30 வயதைக் கடந்தவர்கள் இங்கேயே சோதிக்கப்படினும், மறுசோதனைக் காலத்தில் இங்கு இல்லாமற் போகலாம். ஆகவே ஆவணம் சோதித்த இடத்தில் மட்டுமன்றி அவரிடமும் இருத்தல் வேண்டும்.

அவ்வாவணத்தில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

- சோதனையின் வகையும் நாளும்
- முடிவு, மருத்துவர் எழுதிய சொற்களிலேயே
- மாதிரி போதுமானதா என்ற குறிப்பு
- அடுத்து செய்ய வேண்டியது, அதற்கான நாள், இடம்
- முடிவு அப்பெண்ணிடம் தெரிவிக்கப்பட்ட நாள்
- சொந்த ஊர் முகவரியும் தொடர்பு எண்ணும்

இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்கள் வழங்கப்பட வேண்டும். நோயாளியின் இரகசியங்களை மருத்துவர் வெளியிடுவதையும் அவ்விதிகள் கட்டுப்படுத்துகின்றன. எனவே ஆலை வளாகத்தில் நடைபெறும் முகாமாயினும், முடிவு முதலில் சென்று சேர வேண்டியது அப்பெண்ணிடமே ஆகும்.