நிறமேறத் தாமதித்த நீலம்: சுப்பாராவும் ஏடிபியின் வரலாறும்

ஒளிச்சேர்க்கையும் உயிரணுச் சுவாசமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே பள்ளிப் பாடம் சொல்லித் தருகிறது. முன்னது கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. பின்னது அச்சர்க்கரையை ஆக்சிஜனின் துணையோடு சிதைக்கிறது. ஒன்றின் சமன்பாட்டைத் திருப்பி எழுதினால் மற்றொன்று வந்துவிடும். ஆயினும் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே பொருளைத்தான் உண்டாக்குகின்றன. அது அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏடிபி. அதனைக் கண்டறிந்தோருள் ஒருவர் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தேறியவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்று மட்டுமே பெற்றார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகள் தரும் செய்தி. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் சிலகாலம் கற்பித்த பின், 1922-இல் பாஸ்டன் சென்று ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். செலவுக்கு மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகப் பணிபுரிந்தார். பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பணி மிக எளியதாகத் தோன்றக்கூடியது: குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளத்தல். அமிலக் கரைசலில் பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் சேரும். அச்சேர்மத்தை ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். இந்த அடிப்படையில் இருவரும் 1925-இல் வெளியிட்ட முறை ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

இம்முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது ஒரு முரண் வெளிப்பட்டது. நீலம் உடனே முழுமையாக ஏறவில்லை. மெல்ல மெல்ல அடர்ந்தது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்களோ அத்தாமதத்துக்குக் காரணம் தேடினர். தசையில் எளிதில் சிதையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று இருந்தது. சோதனைக் கரைசலின் அமிலத்திலேயே அது சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவித்தது. பழைய முறைகள் இச்சேர்மத்தையும் தனிப் பாஸ்பேட்டாகவே கணக்கிட்டு வந்தன. 1927-இல் அது பாஸ்போகிரியேட்டின் என அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு இலண்டனில் எகிள்டன் இணையரும் இச்சேர்மத்தைத் தனியே கண்டறிந்து வெளியிட்டனர்.

இதன் விளைவு பெரிது. தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலம் உருவாவதே நேரடிக் காரணம் என அன்று கருதப்பட்டது. தசை ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹில், மையர்ஹோஃப் இருவருக்கும் கிடைத்திருந்தது. 1930-இல் லுண்ட்ஸ்கார்ட், அயோடோஅசிட்டேட்டால் நச்சூட்டிய தசை லாக்டிக் அமிலமின்றியே சுருங்குவதையும் அப்போது பாஸ்போகிரியேட்டின் செலவாவதையும் காட்டினார். அத்துடன் பழைய கோட்பாடு சரிந்தது.

இதற்கிடையே, அடினின், ஒரு சர்க்கரை, மூன்று பாஸ்பேட் ஆகியவற்றாலான மற்றொரு சேர்மத்தை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தனர். அக்கட்டுரை 1929 அக்டோபரில் வெளிவந்தது. ஜெர்மனியில் மையர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமன் அதே சேர்மத்தைப் பற்றிச் சற்று முன்னதாகவே எழுதிவிட்டார். இரு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று சாராதவை.

அன்று அது தசைக்குரிய பொருளாகவே தோன்றியது. எல்லா உயிருக்கும் பொதுவான ஆற்றல் நாணயம் அது என்னும் கருத்தை 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் விரிவாக முன்வைத்தார். 1954-இல் டேனியல் ஆர்னன் குழுவினர், பிரித்தெடுத்த கீரைப் பசுங்கணிகங்கள் ஒளியில் ஏடிபியை ஆக்குவதைக் காட்டினர். இரண்டு உறுப்புகளிலும் அது எவ்வாறு உருவாகிறது என்பதற்கு 1961-இல் பீட்டர் மிட்செல் ஒரே விடையளித்தார்: எலக்ட்ரான்களின் ஓட்டம் புரோட்டான்களைச் சவ்வின் ஒருபுறம் குவிக்கிறது, அவை திரும்பிப் பாயும் விசையில் ஏடிபி உருவாகிறது. 1966-இல் ஜாகென்டார்ஃபும் உரிபேவும் பசுங்கணிகச் சவ்வுகளை அமிலத்தில் ஊறவைத்து உடனே காரக் கரைசலுக்கு மாற்றி, முழு இருளிலேயே ஏடிபி உண்டாவதைக் காட்டினர். ஒளியின் பங்கு புரோட்டான் வேறுபாட்டை உண்டாக்குவதே என்பது அதனால் தெளிவாயிற்று. அவ்வாறு உருவாகும் ஏடிபியைக் கொண்டே பசுங்கணிகம் கார்பனைச் சர்க்கரையில் சேர்க்கிறது. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு ஒன்பது ஏடிபி செலவாகிறது.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் முழுநேரப் பணியேற்றார். அவர் வழிநடத்திய ஆய்வுகளிலிருந்து ஃபோலிக் அமிலத்தின் தொகுப்பும், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் சிட்னி ஃபார்பர் பயன்படுத்திய அமினோப்டெரினும் வந்தன. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஏடிபியை அலெக்சாண்டர் டாட் குழுவினர் ஆய்வகத்தில் தொகுத்ததும் அதே ஆண்டில்தான்.

இந்திய அஞ்சல்துறை 1995-இல் அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. ஆயினும் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு எல்லைகளில் நிற்கிறது: ஒருபுறம் முழு மறதி, மறுபுறம் ஏடிபியை அவர் ஒருவரே கண்டறிந்தார், நோபல் பறிக்கப்பட்டது என்னும் முழக்கம். இரண்டாவது, லோமனையும் ஃபிஸ்க்கையும் அழித்துச் சுப்பாராவை நிறுவப் பார்க்கிறது. அவருக்கு அந்த உதவி தேவையில்லை. நிறம் ஏறத் தாமதித்ததைப் பிழையென்று கழித்துவிடாமல் அதன் காரணத்தைத் தேடிச் சென்றதே, வகுப்பறையில் அவர் பெயர் ஏடிபியோடு சேர்த்துச் சொல்லப்படப் போதுமான தகுதி.