துபாஷியின் நாட்குறிப்பு

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் மிதிக்கும் ரங்கப்பிள்ளை வீதி, ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கியது. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். பாக்கும் துணியும் விற்றார், கப்பல் வைத்திருந்தார், 1747-ல் பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனார். 1736 செப்டம்பரில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு அவரைவிட அதிக தூரம் பயணப்பட்டது.

ஏன் எழுதினார்? குடும்பக் கதையில் விடை இருக்கலாம். பிள்ளையின் குடும்பத்தைப் புதுச்சேரிக்கு இழுத்தவர் மாமன் நைனியப்பப் பிள்ளை. 1716-ல் கவர்னர் எபேர் அவரைச் சிறையில் போட்டார். மறு வருஷம் உள்ளேயே செத்தார். மகன் குருவப்பா பிரான்சுக்குக் கப்பலேறி, ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பினார். கவர்னர் மாறினால் தலையெழுத்தே மாறும் குடும்பம். யார் என்ன சொன்னார் என்று குறித்து வைப்பது அங்கே பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. கிரயப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டுகிற புத்திதான் அது.

சரக்கு, கப்பல் வரவு, தர்பார் வம்பு எல்லாம் நாட்குறிப்பில் உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் அரியாங்குப்பம் பக்கமாக வந்து முற்றுகையிட்ட நேரம், பிரெஞ்சு நிர்வாகம் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. அதைக் கண்டு மனம் புழுங்கியவரும், இடித்த எஜமானிடமே ஊழியம் பார்த்தவரும் ஒருவரே. தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவர் அதிகம் மெனக்கெடவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

1761 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் ஊர் ஆங்கிலேயர் வசமாகி, இடிபட்டது. உடன்பிறந்தவரின் மகன் திருவேங்கடம் பிள்ளை எழுத்தைத் தொடர்ந்தார். பிறகு நாட்குறிப்புக் கட்டுகள் குடும்பத்து வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் பிரெஞ்சுக்காரரான கலுவா மோம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். இன்னொரு பிரெஞ்சுக்காரர் அரியேல் எடுத்த படி பாரீஸ் நூலகத்துக்குப் போனது. 1894-ல் பிரெஞ்சுத் தமிழறிஞர் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது.

பேசுகிறபடியே தமிழில் எழுதிய நாட்குறிப்பு, தமிழ்த் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1948-ல்தான்! ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதற்குள் மேற்கோள் காட்டியே சலித்திருப்பார்கள். தமிழ் வாசகரிடம் பிள்ளையை நெருக்கமாகக் கொண்டுவந்தது ஒரு நாவலாசிரியர்: புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை வைத்து எழுதிய ‘வானம் வசப்படும்’ 1995-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது.